அக்காளிடம் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரமும் மத்தேயு 5:23-உம்

கேள்வி: குழித்துறை வாசி

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தலைமுறைகளாகச் சபையில் இருந்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். எனக்கு வயது 46. இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் எங்கள் சபையில் சீஷத்துவ வகுப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். மலைப்பிரசங்கத்தை வாரம் ஒரு பகுதியாகப் படித்து, அந்த வாரத்தில் அதை வீட்டிலும் வேலையிடத்திலும் எப்படிச் செய்தோம் என்று அடுத்த வாரம் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும் என்பதே அந்த வகுப்பின் முறை. முதல் இரண்டு வாரங்கள் எனக்கு எளிதாகக் கடந்தன. மூன்றாம் வாரத்தில் இந்த வசனம் வந்தது: "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப்போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து."

அதை வாசித்தவுடன் என் அக்காளின் முகம் நினைவுக்கு வந்தது.

எங்கள் தகப்பனார் 2019-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். 18 சென்ட் வீட்டடியும் 54 சென்ட் தென்னந்தோப்பும் அவர் சம்பாதித்தவை. வாரிசுகள் அம்மா, அக்கா, நான் ஆகிய மூவரே. அக்காளை 1998-இல் 35 பவுன் நகையும் ரொக்கமும் கொடுத்துத் திருமணம் செய்து அனுப்பினோம். பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டுவதற்காக நான் வங்கியில் கடன் கேட்டபோது, சொத்து முழுவதும் என் பெயரில் இருந்தால் வேலை எளிதாக முடியும் என்று சொன்னார்கள். ஆகவே 2021-இல் அம்மாவையும் அக்காளையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லி, தங்கள் பாகத்தை எனக்கு விட்டுக்கொடுப்பதாக இருவரிடமும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினேன். அக்காள் பேருந்தில் தனியாக வந்தாள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்திட்டாள், புகைப்படத்துக்கு நின்றாள், விரல் ரேகை வைத்தாள். நான் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த பேருந்திலேயே திரும்பிப் போனாள். பணம் எதுவும் கொடுக்கவில்லை. நகை போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம் என்று உறவினர் எல்லாரும் சொன்னதை நானும் அப்படியே நம்பினேன்.

அதன் பிறகு அவள் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் அம்மாவைப் பார்க்க வருகிறாள். கடந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. வகுப்பில் அந்த வசனத்தைப் படித்ததிலிருந்து அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு என்னால் எழுந்து போக முடியவில்லை. இரண்டு மாதமாக இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறேன். மனமார எழுதிக் கொடுத்ததை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று என் மனைவி கேட்கிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. அக்காள் குறை சொல்லாதபோது இந்த வசனம் எனக்குப் பொருந்துமா? மன்னிப்புக் கேட்டு ஒப்புரவானால் போதுமா, அல்லது பாகத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டுமா? வேதத்தை வாசிக்கிறவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் சொல்லும்படி வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஞாயிறுபள்ளி ஆசிரியர்

அன்புள்ள தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அந்த வசனத்தை நாம் பெரும்பாலும் தலைகீழாகவே நினைவில் வைத்திருக்கிறோம். நமக்கு யார்மேலாவது கசப்பு இருந்தால் அதை மன்னித்துவிட்டு ஆலயத்துக்குப் போக வேண்டும் என்பது போல் பேசிக்கொள்கிறோம். அங்கே எழுதியிருப்பது "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்பதாகும். என் மனம் சுத்தமாக இருக்கிறதா என்பதை நான் உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துக்கொள்ளலாம். இன்னொருவர் மனத்தில் என்னால் ஏற்பட்ட குறை என்னவென்று அறிய வேண்டுமானால் எழுந்து அவரிடம் போயே ஆக வேண்டும். அந்தக் குறையை அவர் வாய்விட்டுச் சொன்னாரா என்று வசனம் கேட்கவில்லை, உனக்கு நினைவு வந்ததா என்று மட்டுமே கேட்கிறது. உங்களுக்கு நினைவு வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வார்த்தைகள் கலிலேயாவில் சொல்லப்பட்டவை. பலி செலுத்தும் பீடமோ எருசலேமில் இருந்தது, அது ஏறக்குறைய மூன்று நாள் நடை. கேட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவனோ விவசாயியோ தன் ஆட்டுக்குட்டியைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு, மூன்று நாள் நடந்து தன் ஊருக்குப் போய், சகோதரனிடம் பேசி முடித்து, மறுபடியும் மூன்று நாள் நடந்து திரும்ப வேண்டும். அதைக் கேட்டவர்களுக்கு எவ்வளவு விசித்திரமாக இருந்திருக்கும் என்று நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஆராதனையையே நிறுத்தி வைக்கும் அளவுக்கு அந்தக் குறை பெரிது என்று ஆண்டவர் கருதினார். ஆகையால் நீங்கள் திருவிருந்தின்போது இருக்கையில் அமர்ந்திருப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அமர்ந்தே இருப்பது கீழ்ப்படிதல் ஆகிவிடாது. அங்கே "வைத்துவிட்டுப்போய்" என்று ஒரு சொல் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நம் பகுதியில் நற்செய்தி வந்த வரலாற்றில் நாம் பெருமையோடு சொல்லும் நிகழ்வு தோள்சீலைப் போராட்டம். பெண்கள் தங்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக அடிபட்டார்கள், பள்ளிகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டன, 1859-இல்தான் அன்று நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு அதற்கு இணங்கி அறிக்கை வெளியிட்டது. அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் நாம். தேவசாயலில் படைக்கப்பட்டவள் பெண் என்று சொல்லி ஒரு காலத்தில் அடிபட்ட சபை, அவளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டா என்ற கேள்வி வந்தபோது ஊர் வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டது. எத்தனையோ வீடுகளில் இது நடந்திருக்கிறது, என் வீட்டிலும் நடந்தது. என் தங்கை இறந்துபோனாள். நான் போய்க் கேட்க நினைத்தபோது கேட்பதற்கு அவள் இல்லை. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பதில் 2: பத்திர எழுத்தர்

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரம் எழுதும் தொழிலில் இருக்கிறேன். சட்ட நிலையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

உயில் எழுதாமல் இறந்த இந்தியக் கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போய்ச் சேரும். ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருவர் என்பதால் அம்மா, அக்கா, நீங்கள் ஆகிய மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வருகிறது. மொத்தம் 72 சென்ட் என்றால் பரப்பளவில் 24 சென்ட் அக்காளுடையது.

மகளுக்குத் திருமணத்தில் ஸ்ரீதனம், அதாவது நகையும் பணமும், கொடுத்தாயிற்று என்ற வாதத்துக்கு வருகிறேன். பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் ஒன்று இருந்தது. சில பிரிவினருக்கு விலக்கு இருந்தாலும், பொதுவாக அதன்படி மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான்; ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. நம் உறவினர் வாயில் இன்றும் வருவது அந்தச் சட்டத்தின் எதிரொலியே. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951-லிருந்தே அந்தச் சட்டம் செல்லாது என்றும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. உங்கள் அக்காளின் திருமணம் நடந்ததே அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. மேலும், தகப்பன் தம் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ பொருளையோ அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது கழிக்கக் கூடாது என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்லுகிறது. ஆகவே 35 பவுனுக்கும் இந்த 24 சென்ட்டுக்கும் சட்டத்தின் கண்ணில் தொடர்பு இல்லை.

ஆனால் அவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்து கொடுத்துவிட்டார். இன்றைய நிலையில் சொத்தின் உரிமையாளர் நீங்களே. திருப்பிக் கொடுக்க விரும்பினால் நீங்கள் அவருக்குத் தான செட்டில்மென்ட் (விலை வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை விற்பனைப் பத்திரத்தைவிட மிகவும் குறைவு. வீட்டடி வங்கியில் அடமானத்தில் இருப்பதால் அதை இப்போது தொட முடியாது. தோப்பின்மேல் கடன் இல்லை என்றால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டு அதிலிருந்தே கொடுங்கள். பரப்பளவை மட்டும் பார்த்து 24 சென்ட் என்று நிறுத்திவிடாதீர்கள். சாலையோர வீட்டடியின் விலை தோப்பைப் போல் இரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், மதிப்பின்படி அவருடைய பங்கு தோப்பில் 30 சென்ட் வரும். எல்லை அளந்து, உட்பிரிவு செய்து, பட்டாவையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால்தான் கொடுத்ததாகப் பொருள். பத்திரத்தை மட்டும் பதிந்துவிட்டுப் பட்டாவை மாற்றாமல் விட்டவர்களின் பிள்ளைகள் எங்களிடம் வந்து நிற்பதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

பதில் 3: வழிப்போக்கர்

சகோதரரே, மாறுபட்ட ஒரு கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். பாகம் பிரித்துத் தரும்படி ஒருவன் வந்து கேட்டபோது ஆண்டவர், "மனுஷனே, என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்" என்று கேட்டு மறுத்தார். விசுவாசிகளுக்குள் வழக்காடுவதைக் கண்டித்த பவுல், "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை" என்று கேட்கிறார். உங்கள் சகோதரி அந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு நல்ல சாட்சியாக இருக்கிறார் என்று நான் எண்ணுகிறேன். நீங்களோ கடனில் இருக்கிறீர்கள், பிள்ளைகளின் படிப்பும் இருக்கும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றும் அதே ஆண்டவர்தான் சொன்னார். மனைவியின் மனம் இணங்காமல் தோப்பை எழுதிக் கொடுத்தால் ஒரு வீட்டில் சமாதானம் செய்து இன்னொரு வீட்டில் அதைக் குலைத்ததாக ஆகும். மன்னிப்புக் கேளுங்கள், பண்டிகைக்கு அழையுங்கள். நிலத்தைப் பற்றி அவசரப்பட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பதில் 4: மூத்தவள்

வழிப்போக்கர் ஐயா அவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நஷ்டத்தைப் பொறுத்துக்கொள் என்ற வசனத்தை நஷ்டப்பட்டவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். அதனால் இலாபம் அடைந்தவர் அதை எடுத்து அவரிடம் நீட்டக் கூடாது. பாகம் பிரிக்க மறுத்த ஆண்டவர் அதே மூச்சில் பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று சொன்னதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தகப்பனுக்கு மகன் இல்லை என்ற காரணத்தால் அவர் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று மோசேயின் முன் வந்து நின்ற செலொப்பியாத்தின் குமாரத்திகளைப் பற்றி நம் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. அவர்கள் சொல்வது சரி என்று அங்கே தீர்ப்புச் சொன்னவர் கர்த்தரே. மனைவியைக் கலந்து செய்ய வேண்டும் என்று ஐயா சொன்னதை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். அந்த வீட்டுப் பெண்ணின் அச்சத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவளுக்கும் பிறந்த வீட்டில் ஒரு பங்கு இருந்திருக்கும், அது என்னவாயிற்று என்று ஒருவேளை யாருமே அவளிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.

தம்பி, நான் உங்கள் அக்காளின் இடத்தில் இருப்பவள். என்னிடமும் இப்படித்தான் எழுதி வாங்கினார்கள். மனமார எழுதிக் கொடுத்தாள் என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள். அந்த மேசைக்கு முன்னால் நிற்கும் பெண்ணின் மனத்தில் என்ன ஓடும் என்று சொல்கிறேன். கையெழுத்திட மறுத்தால் நாளை கணவன் வீட்டில் ஒரு துன்பம் வந்தால் ஏறிப்போக ஒரு வாசல் இருக்காது. அம்மா படுத்துவிட்டால் போய்ப் பார்க்க முடியாது. பிள்ளைகளின் திருமணத்துக்குத் தாய்மாமன் வந்து நிற்கமாட்டான். அதனால் கையெழுத்திடுகிறோம். 24 சென்ட் போனதைவிட, அந்த வாசலுக்கு ஒரு விலை வைத்து வாங்கிக்கொண்டார்களே என்பதுதான் உள்ளே கிடந்து அறுக்கும்.

நீங்கள் போவதாக இருந்தால் சிலவற்றைத் தவிர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் முன்னால் மன்னிக்க முடியாது என்று எந்தப் பெண்ணாலும் சொல்ல முடியாது. அம்மாவையும் அழைத்துப் போகாதீர்கள். சீஷத்துவ வகுப்பில் இந்த வசனம் வந்தது, அதனால் வந்தேன் என்று தொடங்காதீர்கள். அப்படிச் சொன்னால், உங்கள் வகுப்புப் பாடத்தை முடிப்பதற்கும் நீங்கள் நிம்மதியாகத் திருவிருந்து எடுப்பதற்கும் அவள் ஒரு கருவி ஆகிவிடுவாள். நீங்கள் செய்தது இன்னது என்று பெயர் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். கொடுக்கப்போவது இன்னது என்று சொல்லுங்கள். மன்னித்துவிட்டேன் என்ற சொல்லை அன்றே அவள் வாயிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். ஐந்து ஆண்டு வாய்மூடி இருந்தவளுக்கு ஐந்து நிமிடத்தில் பேச வராது.

பதில் 5: ஓய்வுபெற்ற ஞாயிறுபள்ளி ஆசிரியர்

மூத்தவள் அம்மா எழுதியதற்குப் பின் நான் சேர்ப்பதற்கு ஒன்றே இருக்கிறது. வரி வசூலிப்போரின் தலைவனாகிய சகேயு, "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று சொன்னபோது இயேசு அவனிடம் அப்படிக் கேட்டிருக்கவில்லை. அவன் வீட்டில் தங்க வந்திருந்தார், அவ்வளவே. நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை ஆண்டுகளாக அந்தத் தோப்பில் விழுந்த தேங்காயில் மூன்றில் ஒரு பங்கும் அக்காளுடையதுதானே? அதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அம்மாவின் பாகமும் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் கையில் மாதம் ஒரு தொகை, யாரிடமும் கேட்காமல் செலவு செய்யும்படி, கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

குழித்துறை வாசி (பத்து வாரங்களுக்குப் பின்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதுவதற்கு ஏதாவது நடந்த பின்பே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் என் மனைவியிடம் மூத்தவள் அம்மாவின் பதிலை வாசிக்கக் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். இரவில் வந்து, தன் தகப்பன் வீட்டில் தான் கையெழுத்திட்ட நாளைப் பற்றிப் பதினேழு ஆண்டுகளில் முதல் முறையாக என்னிடம் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. கடன் தவணையையும் பிள்ளைகளின் கட்டணத்தையும் இருவருமாகக் கணக்கிட்டுப் பார்த்து, தோப்பில் 30 சென்ட் கொடுப்பது என்றும், தேங்காய்க் கணக்கை இரண்டு ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தீர்ப்பது என்றும் முடிவு செய்தோம். அம்மாவின் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கியிருக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை மாலையில் அக்காள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அத்தான் வெளியே போயிருந்தார். அக்காள் கட்டங்காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாள். நான் எழுதிக்கொண்டு போன தாளை எடுக்காமல், என் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நகை போட்டோம் என்று ஊர் சொன்னதை நானும் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன், உன் பங்கை எடுத்துக்கொண்டேன் என்றேன். அவள் நெடுநேரம் முந்தானை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. பிறகு அவள் கேட்டது நிலத்தைப் பற்றியே அல்ல. "அன்றைக்கு அந்தப் பத்திரத்தை என்னிடம் வாசிக்கக்கூடத் தரவில்லையே, தம்பி. எனக்கு வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்டாள். அக்காள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எனக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவளே அவள்தான். நான் மறந்தே போயிருந்த ஒன்று அத்தனை ஆண்டுகளாக அவளுக்குள் கிடந்திருக்கிறது. குறை எது என்று போய்க் கேட்டால்தான் தெரியும் என்று ஆசிரியர் ஐயா எழுதியது அப்போது எனக்கு விளங்கியது.

அவள் அன்று மன்னித்தேன் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. திருவிருந்துக்கு இன்னும் போகவில்லை, அதைக் குறித்து ஆயரிடம் தனியாகப் பேசியிருக்கிறேன்.

தோப்பை அளந்து கல் நட்டாயிற்று. செட்டில்மென்ட் பத்திரத்தின் வரைவை எழுதச் சொல்லி, முத்திரைத்தாளில் ஏற்றுவதற்கு முன்னால் அதன் நகலை அக்காளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, வாசித்துப் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். ஒன்பது நாள் வைத்திருந்தாள். நேற்று அம்மாவைப் பார்க்க வந்தபோது, நான் வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்தும் வந்து, அதை என் கையில் கொடுத்தாள். நான்கு பக்கங்களிலும் பென்சிலால் வரி வரியாகக் குறித்திருந்தாள். ஓரிடத்தில் அத்தானின் தகப்பனார் பெயரில் எழுத்துப் பிழை. மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், சாலையிலிருந்து தோப்புக்குப் போகும் நடைபாதை உரிமை எழுதப்படவில்லை என்று குறிப்பு. அது உண்மைதான், எழுத்தரும் நானும் அதைக் கவனிக்கவில்லை. பாதையை ஆறடி அகலம் என்று சேர்த்து மறுபடி எழுதக் கொடுத்திருக்கிறேன். அதன் நகல் வந்ததும் அதையும் முதலில் அவளிடம் கொடுக்க வேண்டும்.